கசாப்புப் பலகையிலிருந்து வந்த வசவு

நாளிதழ் ஒன்றின் மொழிபெயர்ப்பு மேசையில் இரவுப் பணி பார்த்த காலம். லண்டனிலிருந்து ஏஜென்சிச் செய்தி ஒன்று வந்தது. அமைச்சகம் ஒன்றின் செயல்பாட்டை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் 'ஷாம்பாலிக்' என்று சாடியிருந்தார். அகராதியைப் புரட்டினேன். 'ஒழுங்கற்ற, அலங்கோலமான' என்று இருந்தது. 'அமைச்சகத்தின் நிர்வாகம் அலங்கோலமாக இருப்பதாக அவர் கூறினார்' என்று அடித்துக் கொடுத்தேன். மூத்த துணையாசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"தம்பி, இதுல திட்டு எங்க இருக்கு?"

"அலங்கோலம்னு போட்டிருக்கேனே சார்."

"காத்தடிச்சாக்கூட வீடு அலங்கோலமாத்தான் கிடக்கும். காத்தையா திட்டறோம்? அந்தாளு ஒருத்தனைத் திட்டியிருக்கான். அவன் எங்க?"

பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். 'நிர்வாகக் குளறுபடி' என்று மாற்றிவிட்டார். அதுவும் சரியில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும். எனக்கோ அந்த ஆங்கிலச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாகப் பல வருஷம் உறுத்திக்கொண்டே இருந்தது. அது எங்கிருந்து வந்தது, ஆங்கிலேயர் அதை எப்போது எடுக்கிறார்கள், எப்போது எடுப்பதில்லை என்று தேடத் தேட, அகராதி சொன்னது பாதிதான் என்று புரிந்தது.

ஒழுங்கின்மைக்கு ஆங்கிலத்தில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. குழந்தைகள் விளையாடிவிட்டுப் போன கூடம் 'மெஸ்ஸி'. ஒழுங்கு என்பதே தென்படாத பெருங்குழப்பம் 'கேயாட்டிக்'. அதன் வேர், படைப்புக்கு முன்பிருந்த வெறுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். திட்டமில்லாமல் வாய்த்தபடி செய்த வேலை 'ஹாப்ஹசார்ட்'. அதில் பின்பாதி ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். இவை எல்லாம் ஒரு நிலைமையை வருணிப்பவை. ஷாம்பாலிக் வருணிப்பதோடு நிற்பதில்லை, ஆளைத் தேடுகிறது. புயல் புரட்டிப்போட்ட கடற்கரையை யாரும் ஷாம்பாலிக் என்பதில்லை. நிவாரணப் பொருளோடு வந்த லாரிகள் ஒரே கிராமத்தில் வரிசை கட்டி நிற்க, அடுத்த கிராமம் பட்டினி கிடந்தால், அந்த நிவாரணப் பணி ஷாம்பாலிக். ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு இருந்தது, அவர் செய்யவில்லை, ஊரே பார்த்தது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் முழுதாகப் பொருந்துகிறது.

உதாரணத்துக்குப் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம், சொல் அந்த ஊருடையது என்பதால். 2018 மே 20ஆம் தேதி இங்கிலாந்தில் ரயில் கால அட்டவணை மாறியது. வருஷத்துக்கு இரண்டு முறை மாறுவது வழக்கம்தான். அந்த முறை மாற்றம் மிகப் பெரியது. வடக்கே மான்செஸ்டர் வட்டாரத்தில் மின்மயமாக்கும் வேலை தாமதமாகி, போட்டு வைத்த திட்டத்தைக் கடைசி நேரத்தில் கலைத்து எழுத வேண்டியிருந்தது. தெற்கே லண்டனை ஊடுருவிச் செல்லும் தடங்களில் ஓட்டுநர்களுக்குப் புதிய பாதைகளில் பயிற்சி முடிந்திருக்கவில்லை. ரயில் இருந்தது, தண்டவாளம் இருந்தது, ஓட்டுநரும் இருந்தார். ஆனால் அந்தத் தடத்தில் ஓட்ட அந்த ஓட்டுநருக்குத் தகுதி இல்லை. பிறகு வந்த ஒழுங்குமுறை ஆணைய விசாரணையின்படி, மோசமான கட்டத்தில் தென்கிழக்கில் வார நாளொன்றுக்கு 470 ரயில்கள் வரை ரத்தாயின, வடக்கில் 310 வரை. ஏரி மாவட்டத்துக்குப் போகும் கிளைத் தடத்தில் சேவையையே நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டார்கள். கடைசியில் பழைய பெட்டிகளை வைத்துச் சுற்றுலா ரயில் விடும் தனியார் நிறுவனம் ஒன்று வந்து சில நாள் அங்கே வண்டி ஓட்டியது.

ஸ்டீஃபன் கிளைஸ்டர் தலைமையில் நடந்த அந்த விசாரணையின் இடைக்கால அறிக்கை அதே ஆண்டு செப்டம்பரில் வெளியானது. சாரம் இவ்வளவுதான்: யாரும் பொறுப்பை ஏற்று முன்னின்று நடத்தவில்லை. தண்டவாள நிறுவனம், ரயில் நிறுவனங்கள், போக்குவரத்துத் துறை, ஏன், ஒழுங்குமுறை ஆணையமேகூட, அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டன. ஷாம்பாலிக் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

நம்மில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானது ரயில் வழியாக அல்ல, கிரிக்கெட் வழியாக. பிரிட்டிஷ் வர்ணனையாளர்கள் வாயில் அது அடிக்கடி புழங்கும். அங்கேயும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது. டெஸ்ட்டில் நமது மிகக் குறைந்த ஸ்கோர். அன்றைய ஆட்டத்தை ஷாம்பாலிக் என்று சொன்னால் நான் மறுப்பேன். ஹேசில்வுட் 8 ரன் கொடுத்து 5 விக்கெட், கம்மின்ஸ் 21 ரன் கொடுத்து 4 விக்கெட். பந்து மட்டையின் விளிம்பைத் தேடித் தேடிப் போனது. அது சரிவு, நல்ல பந்துவீச்சின் முன் தோல்வி. ஷாம்பாலிக் பார்க்க வேண்டுமானால் 1999 ஜூன் 17, எட்ஜ்பாஸ்டன், உலகக் கோப்பை அரையிறுதியின் கடைசி ஓவர். தென்னாப்பிரிக்காவுக்கு ஒன்பது ரன் வேண்டும், ஒரு விக்கெட் கையில். குளூஸ்னர் முதல் இரண்டு பந்துகளையும் எல்லைக்கு விரட்டினார். ஸ்கோர் 213, சமநிலை. நாலு பந்தில் ஒரு ரன். மூன்றாவது பந்திலேயே மறுமுனையில் டொனால்டு ரன் அவுட் ஆகாமல் தப்பியதே பெரிது. நான்காவது பந்தைத் தட்டிவிட்டு குளூஸ்னர் ஓட, டொனால்டு பந்தையே பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் ஒரே முனையில். டொனால்டு கையிலிருந்த மட்டையும் நழுவி விழுந்தது. மட்டையில்லாமல் அவர் ஓடத் தொடங்கியபோது பந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் டை, ஆஸ்திரேலியா இறுதிப் போட்டிக்குள். எதிராளி பெரிதாக எதுவும் செய்யவில்லை. கூப்பிட்டிருந்தால் போதும், நின்றிருந்தால்கூடப் போதும். இரண்டுமே நடக்கவில்லை.

இனி வேருக்கு வருவோம். அங்கேதான் ரத்தம் இருக்கிறது.

ஷாம்பாலிக்கின் தாய்ச்சொல் 'ஷாம்பிள்ஸ்'. பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோர் வெறும் முக்காலி, கால் வைக்கும் சிறு பலகை. பழைய ஆங்கிலத்தில் பெயர்த்த சங்கீதங்களில் 'பாதபடி' வரும் இடத்தில் இந்தச் சொல் இருக்கிறது. லத்தீனில் 'ஸ்காம்னம்' என்றால் பெஞ்சு. அதன் குறுவடிவமே ஜெர்மானிய மொழிகளுக்குள் நுழைந்தது. ஜெர்மனில் இன்றும் 'ஷேமல்' என்றால் முக்காலிதான். ஒரு சொட்டு ரத்தமும் அதன்மேல் படவில்லை. லத்தீன் சொல்லின் அடியில் 'தாங்கு' என்ற பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்று இருப்பதாகச் சொல்பிறப்பியலார் காட்டுகிறார்கள். வடமொழியின் 'ஸ்கம்ப', அதாவது தூண், அதே வேரில் கிளைத்தது. அதர்வ வேதத்தில் உலகையே தாங்கும் தூணாக ஸ்கம்பத்தைப் போற்றும் சூக்தம் உண்டு. நம் 'கம்பம்' அந்த ஸ்கம்பத்தின் வழி வந்தது என்று காட்டுவது அகராதிகளின் வழக்கம். (கம்பு தமிழ்ச் சொல் இல்லையா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் இங்கே வரவில்லை.) அகராதிக்காரர்கள் சொல்வது சரியென்றால் கோயில் வாசலில் நிற்கும் கொடிக்கம்பமும் லண்டன் எம்பியின் வசவும் தூரத்துச் சொந்தம்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அந்தப் பலகை இறைச்சி விற்கும் தட்டாகிவிட்டது. பலகைகள் வரிசையாகச் சேர்ந்த இடம் பன்மையில் 'ஷாம்பிள்ஸ்', இறைச்சிச் சந்தை. அன்றைய சந்தைப் பலகைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே தலையெழுத்து வாய்க்கவில்லை. இத்தாலியில் பணம் மாற்றுபவன் விரித்த பலகை 'பாங்க்' ஆனது. நீதிபதி உட்கார்ந்த பலகை 'பெஞ்ச்' என்றே நின்று நம் உயர்நீதிமன்றச் செய்திகள்வரை வந்துவிட்டது. கசாப்புக்காரனின் பலகைக்கு மட்டும் பணமும் இல்லை, மரியாதையும் இல்லை. விற்கும் இடத்திலேயே வெட்டவும் செய்ததால், 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாம்பிள்ஸ் என்றால் வெட்டும் கூடம் என்றானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மனிதர்களை வெட்டிச் சாய்த்த களத்துக்கும் அதே பெயர்.

ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி மூன்றாம் பாகத்தின் முதல் காட்சியில், பாராளுமன்றக் கூடத்தைத் தான் ஷாம்பிள்ஸ் ஆக்க விரும்பவில்லை என்று மன்னன் சொல்கிறான். இன்றைய லண்டன்வாசிக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரும், பாராளுமன்றம் ஷாம்பிள்ஸாக இல்லாத நாள் எது என்று. மன்னன் சொன்னதோ கொலைக்களம். எதிரிகள் ஆயுதத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ரத்தம் சிந்த வேண்டாம் என்கிறான். சொல் ஒன்றே, நடுவில் நாலு நூற்றாண்டு.

1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இந்தச் சொல் சாதுவாக, சந்தை என்ற பொருளில் உட்கார்ந்திருக்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தில், சந்தையில் விற்கும் இறைச்சியை மனசாட்சிக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்று சொல்லும் இடம் அது. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு இறைச்சிச் சந்தை என்று பொருள். நம் தமிழ் பைபிள் அதைக் 'கடை' என்று முடித்துக்கொண்டது. இறைச்சி என்ற சொல்லே அந்த வசனத்தில் இல்லை. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஷாம்பிள்ஸை எடுத்துவிட்டு 'மீட் மார்க்கெட்' என்று போட்டன. வேறு வழியில்லை. அலங்கோலத்தில் விற்பதை வாங்கிச் சாப்பிடு என்று அப்போஸ்தலர் சொன்னதாக வாசகர் நினைத்துவிடுவாரே.

யார்க் நகரத்தில் ஷாம்பிள்ஸ் என்றே ஒரு தெரு இன்றும் இருக்கிறது. 1086இல் எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டிலேயே யார்க்கின் இறைச்சிச் சந்தையும், அதில் மோர்த்தேன் பிரபுவுக்கு இருந்த இரண்டு பலகைகளும் குறிக்கப்பட்டுள்ளன. இப்போதுள்ள மரச்சட்ட வீடுகளில் பல 14, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக முன்னே நீண்டு, எதிரெதிர் வீடுகள் தலையோடு தலை முட்டுவதுபோல் நிற்கும். குறுகலாகக் கட்டியதில் ஒரு சௌகரியம்: வெளியே தொங்கும் இறைச்சியில் வெயில் படாது. சில கடைகளின் முகப்பில் கொக்கிகளும் இறைச்சி வைக்கும் அகலப் பலகைகளும் இன்றும் உண்டு. தெருவின் இரண்டு பக்கமும் நடைமேடையை உயர்த்தி நடுவை வாய்க்காலாக விட்டிருக்கிறார்கள், ரத்தத்தையும் கழிவையும் கழுவித் தள்ளுவதற்கு. பெயருக்குத்தான் அலங்கோலம், வெயிலுக்கு மறைப்பு, ரத்தத்துக்கு வடிகால், தொங்கவிடக் கொக்கி என்று அந்தத் தெரு கனகச்சிதம். ஒழுங்கின்மைக்குப் பெயர் கொடுத்த இடம் ஒழுங்காக நடந்த ஒரு தொழிற்கூடம் என்பது எனக்குத் தீராத வேடிக்கை.

1872இல் அந்தத் தெருவில் 25 கசாப்புக் கடைகள் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. நினைவுப் பொருள்களும் மந்திரக்கோல்களும் விற்கிறார்கள்.

அதே தெருவில் மார்கரெட் கிளித்தரோ என்ற பெண் வாழ்ந்தார். கணவர் கசாப்புக்காரர். கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு வீட்டில் ஒளிவிடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் வாதாட மறுத்ததால், 1586 மார்ச் 25 அன்று கொல்லப்பட்டார். தரையில் கிடத்தி, மேலே ஒரு கதவை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி நசுக்கினார்கள். 1970இல் போப் ஆறாம் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதே 1970தான் ஷாம்பாலிக் என்ற பெயரடைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் முதல் அச்சுச் சான்றின் ஆண்டு. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் தாய்ச்சொல்லின் தெருவில் நடந்த கொடுமைக்கு ரோமில் மரியாதை செய்த ஆண்டிலேயே, மகள்சொல் லண்டனில் சிரித்துக்கொண்டு அச்சேறியது.

சிரித்துக்கொண்டு என்றேன். ரத்தம் எப்போது காய்ந்தது? 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவில். வெட்டும் கூடங்கள் ஊருக்கு வெளியே போய்விட்டன. லண்டன் நடுவில் ஸ்மித்ஃபீல்டில் நடந்துவந்த கால்நடைச் சந்தையே 1855இல் மூடப்பட்டது. ஷாம்பிள்ஸ் என்றால் கண்ணுக்கு முன் வர எதுவும் இல்லாமல் போனது. பொருளைக் கட்டி வைத்திருந்த முளை பிடுங்கப்பட்டதும் சொல் அவிழ்ந்து மேயத் தொடங்கியது. 1926இல் பால் டி கிரைஃப் எழுதிய, நுண்ணுயிர் ஆய்வாளர்களைப் பற்றிய புகழ்பெற்ற நூலில் பாஸ்டரின் ஆய்வுக்கூடமே ஷாம்பிள்ஸ் ஆகிறது. குடுவைகள் இறைந்து கிடக்கின்றன, உதவியாளர்கள் ஓடுகிறார்கள். கொலை ஏதும் இல்லை. அன்று அந்தப் பிரயோகத்தைப் பிழை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று ஆங்கிலேயர் பலருக்கு வேறு பொருள் இருந்ததே தெரியாது.

நமக்கு இது புதிதல்ல. 'ரணகளம்' என்றால் போர்க்களம். வடமொழி 'ரண'வுக்குப் போர் என்று பொருள். தமிழ்க் காது அதில் ரணத்தையும், அதாவது புண்ணையும் சேர்த்துக் கேட்டதால் சொல் இன்னும் சிவந்தது. அந்த ரணகளம் இன்று எங்கே இருக்கிறது? 'பிள்ளைங்க ரெண்டும் சேர்ந்து வீட்டை ரணகளமாக்கி வச்சிருக்கு' என்று சமையலறையிலிருந்து வருகிறது. மேடையில் நன்றாகப் பாடியவனைக் 'கொன்னுட்டான்' என்கிறோம். அமளியும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பழைய இலக்கியத்தில் அமளி என்றால் மெத்தை, படுக்கை. இன்று சட்டசபையில் அமளி. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சாதிக்க நான் தயாரில்லை. ஆனால் ஆங்கிலத்தில் முக்காலி குழப்பமாக மாறிய கதையைக் கேட்ட பிறகு, படுக்கையும் கூச்சலும் ஒரே எழுத்துக்கூட்டில் இருப்பதைப் பார்த்துப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

தாய்ச்சொல் அமெரிக்காவில் பொருள் மாறியது என்றால், பெயரடை பிறந்தது பிரிட்டனில். இன்றும் அமெரிக்கர்களுக்கு ஷாம்பாலிக் கொஞ்சம் வெளியூர்ச் சரக்கு. ஷாம்பிள்ஸின் வாலில் 'சிம்பாலிக்' போன்ற படித்த சொற்களின் ஈற்றை ஒட்டவைத்துச் செய்தது அது. கசாப்புக்கடைக் கைலிக்கு மேலே கல்லூரிக் கோட்டு. அந்தப் பொருத்தமின்மைதான் அதன் ருசி. நம் கல்லூரிப் பையன்கள் 'எல்லாம் ஒரே சொதப்பல் மயம்' என்கிறார்களே, அந்த 'மயம்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அந்த ஈறு செய்கிறது. கொச்சையின் தலையில் வைத்த கிரீடம்.

கிரீடத்தோடு ஒரு சலுகையும் வந்துவிட்டது. ஷாம்பாலிக் வசவுதான் என்றாலும் பல் இல்லாத வசவு. ஒரு அமைச்சரை ஊழல்காரர், பொய்யர் என்றால் அவர் வழக்குப் போடுவார். ஷாம்பாலிக் என்றால் அவையே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். தனி மனிதர்களுக்கு இட்டால் அது செல்லமாகக்கூட ஆகிவிடும்: சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்ட பேராசிரியர், எழுதிய தாள்கள் வழியெல்லாம் உதிர நடக்கும் எழுத்தாளர். போரிஸ் ஜான்சனின் கலைந்த தலைமுடி ஒரு அரசியல் முதலீடு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதித் தள்ளியிருக்கின்றன. கேமராவுக்கு முன்னால் வருவதற்குள் அவரே கையால் கலைத்துக்கொள்வார் என்பார்கள். பெரிய பள்ளியில் படித்தவரின் கலைந்த தலைக்குத்தான் ஷாம்பாலிக் என்ற கொஞ்சல். இரவு வேலை முடித்துக் கலைந்த தலையோடு வரும் தொழிலாளியை யாரும் அப்படிக் கொஞ்சி நான் படித்ததில்லை.

பல் விழுந்த சொல்லுக்குப் பல் கட்டிய கதையும் ஒன்று உண்டு. 2009இல் பிபிசியில் வந்த 'தி திக் ஆஃப் இட்' என்ற அரசியல் அங்கதத் தொடரில், வாய் கூசாமல் திட்டும் பிரதமர் அலுவலக அதிகாரி பாத்திரம் 'ஆம்னிஷாம்பிள்ஸ்' என்ற சொல்லை வீசியது. நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் வரும் அதே ஆம்னி, லத்தீனில் 'எல்லாம்'. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஷாம்பிள்ஸ் என்று அர்த்தம். 2012 மார்ச்சில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் போட்ட பட்ஜெட்டில் சூடான 'பேஸ்டி'க்கு 20 சதவீத வரி என்று ஒரு அறிவிப்பு. பேஸ்டி என்பது இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட தின்பண்டம், தொழிலாளர்களின் மதிய உணவு. சூடு என்றால் எவ்வளவு சூடு, ஆறிப்போனால் வரி உண்டா என்று நாடே கேட்டது. ஏப்ரல் 18 அன்று எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் அந்த பட்ஜெட்டைப் பாராளுமன்றத்திலேயே ஆம்னிஷாம்பிள்ஸ் என்றார். மே மாத முடிவில் அரசு பேஸ்டி வரியில் பின்வாங்கியது. கோடையில், லண்டன் ஒலிம்பிக் ஏற்பாடுகளைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அமெரிக்க அதிபர் வேட்பாளர் மிட் ராம்னிக்கு 'ராம்னிஷாம்பிள்ஸ்' பட்டம். நவம்பரில் ஆம்னிஷாம்பிள்ஸைப் பிரிட்டனுக்கான ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அறிவித்தார்கள். கசாப்புப் பலகையில் கிளம்பிய சொல் சுற்றிச் சுற்றி இறைச்சிப் பண்டத்தின் வரியில் வந்து நின்றது எவரும் திட்டமிட்டதல்ல.

இப்போது அந்த இரவு மேசைக்குத் திரும்புகிறேன். ஷாம்பாலிக்குக்குத் தமிழில் என்ன போடுவது?

அலங்கோலத்தில் கோலம் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் கலைவு. தலைமுடி, புடவை, அறை. நிர்வாகத்துக்கு ஒட்டாது. தாறுமாறு ஒருகாலத்தில் பொருந்தியிருக்கும். இப்போது பையன்கள் 'படம் தாறுமாறு' என்று பாராட்டுப் பத்திரமாக்கிவிட்டார்கள். கன்னாபின்னாவும் அளவை மிகைப்படுத்தப் போய்விட்டது. 'கன்னாபின்னான்னு விலை ஏறிடுச்சு'. ஏனோதானோ கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதில் அக்கறையின்மைதான் தூக்கல். ஷாம்பாலிக்கில் அக்கறை இருந்தும் கோட்டை விட்டவர்களுக்கும் இடம் உண்டு. சந்தைக்கடை என்றால் சத்தம். சந்தி சிரித்தது என்பதில் ஷாம்பாலிக்கின் சிரிப்பு அப்படியே இருக்கிறது. செய்தித் தலைப்புக்குள் அடங்காது என்பதைத் தவிர அதில் குறை இல்லை.

செய்தித்தாள்கள் கைநீட்டி எடுப்பது குளறுபடியை. 'வாக்காளர் பட்டியலில் குளறுபடி', 'விடைத்தாள் திருத்தத்தில் குளறுபடி'. நாக்குக் குளறும் அதே குளறல். ஆங்கிலேயனுக்குக் குழப்பம் கசாப்புப் பலகையில் தொடங்கினால் நமக்கு வாயில் தொடங்குகிறது. நல்ல சொல்தான். அதற்கு நாங்கள் மாட்டிய வினைதான் கோளாறு: குளறுபடி 'ஏற்பட்டது'. மழை ஏற்பட்டதுபோல், நில நடுக்கம் ஏற்பட்டதுபோல். பட்டியலைத் தயாரித்தவர் யார், திருத்தியவர் யார், சரிபார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்விகள் எல்லாம் அந்த 'ஏற்பட்டது'க்குள் புதைந்துவிடுகின்றன. இருபது வருஷம் இந்த வாக்கியத்தை நானும் அடித்துக் கொடுத்தவன்தான். நடந்ததற்கு ஆள் தெரியாதபோது அடித்தேன், ஆள் தெரிந்து எழுத்தில் போடப் பயந்தபோதும் அடித்தேன்.

மிச்சம் இருப்பது சொதப்பல். அதில் எல்லாம் இருக்கிறது. செய்யத் தெரிந்தவன், செய்ய வேண்டியவன், பலர் பார்க்கக் கோட்டை விட்டான். பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் வந்தது. டொனால்டு ஓடாமல் நின்றதைச் சொதப்பல் என்றுதான் சொல்ல முடியும், குளறுபடி என்று முடியாது. அதைவிட முக்கியம், சொதப்பலுக்குள் ஒரு வினை உயிரோடு இருக்கிறது. சொதப்பினான், சொதப்பினார்கள், சொதப்பிவிட்டது. எழுவாய் இல்லாமல் அந்த வினை நிற்காது. 'சொதப்பல் ஏற்பட்டது' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே இடறும். மூத்தவர் அன்றிரவு கேட்ட ஆள் இந்த வினைக்குள் இருக்கிறான். 'அமைச்சகம் சொதப்பிவிட்டது: எம்பி சாடல்' என்று போட்டிருந்தால் அந்த லண்டன் உறுப்பினர் சொன்னது அப்படியே வந்திருக்கும். பெயரடைக்குப் பெயரடை தேடியதுதான் என் தப்பு.

சொதப்பல் கொச்சை, அச்சுக்கு ஆகாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஷாம்பாலிக்குக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் அந்த 1970ஆம் ஆண்டுச் சான்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழிலிருந்து எடுத்தது. அகராதி அதன் பக்கத்தில் இட்டிருக்கும் குறிப்பு: பேச்சு வழக்கு.